ஒன்றரை அங்குலம்

கட்டிலின் நீளத்தை அவள் இரண்டு முறை அளந்தாள். இரண்டு முறையும் எண்பத்திரண்டு அங்குலம் வந்தது. அவள் கணவன் ஒன்பது வாரமாக அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தான். அவனை வீட்டுக்கு அனுப்புவதானால் இதே மாதிரிக் கட்டில் ஒன்றை ஆஸ்பத்திரியே இரவலாகக் கொடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

"என்னையும் அளந்துக்கோ," என்றான் அவன். பக்கவாதம் வாயை ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வெளியே வந்தது. "சட்டைக்கா... பெட்டிக்கா?"

"முதல்ல வாயைக் கழுவுங்க," என்று அதட்டிவிட்டு அவள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அவள் தையல்காரி. பத்தொன்பது வருடமாக அந்த நாடா அவள் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை. அவன் கிடங்குத் தொழிலாளி. ஆறடி இரண்டு அங்குலம். ஏணி போடாமலே மேல்தட்டில் சரக்கு ஏற்றுவான் என்பதால் கிடங்கில் எல்லோருக்கும் அவன் நெட்டை. இப்போது அவனுடைய வலது கையும் வலது காலும் அவன் சொல் கேட்பதில்லை.

வீட்டைப் பார்த்து அனுமதி எழுதவேண்டிய செவிலியர் திங்கட்கிழமை வந்துபோனார். வீடு என்றால் ஒரே அறை. அதன் ஒரு மூலையில் சமையல் மேடை, இன்னொரு மூலையில் ஒரு ஆள் நுழையும் குளியலறை. மிச்சமிருந்த இடத்தில் பீரோ, தையல் இயந்திரம், துணி வெட்டும் மேசை, ஊரார் கொடுத்த துணி மூட்டைகள். வாசலுக்குள் இரண்டடி வைத்ததும் செவிலியர் நின்றுவிட்டார்.

"அம்மா, இங்க நானே திரும்ப முடியலையே. சக்கர நாற்காலி எப்படித் திரும்பும்?"

நல்ல பெண்மணிதான். கையிலிருந்த படிவத்தைப் பார்த்துப் பார்த்து, மெதுவாகவே சொன்னார். வியாழக்கிழமை நாலு மணிக்கு மறுபடி வருவார். அதற்குள் கட்டில் போட்டிருக்க வேண்டும். இரண்டு பேர் நின்று நோயாளியைப் புரட்டும்படி கட்டிலின் ஒரு பக்கம் முழுக்க இரண்டரை அடி காலியாக இருக்க வேண்டும். வாசலிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து குளியலறைக்கும் நாற்காலி தடங்கலில்லாமல் போக வேண்டும்.

"இல்லன்னா?" என்றாள் அவள்.

"இல்லன்னா வெள்ளிக்கிழமை காலையில அவரை நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு மாத்திடுவாங்க. அவர் கட்டிலுக்கு வேற ஆள் காத்திட்டிருக்காங்க. இது என் கையில இல்லம்மா."

அந்த இல்லம் ஏழு மணி நேரப் பயணத்தில் இருந்தது. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால் தையலை விட்டுவிட்டு மாதம் ஒரு முறைதான் அவளால் போக முடியும். அதுவும் முடிந்தால். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை அங்கேதான் கொண்டுபோனார்கள். மூன்றாம் வாரமே அவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம். அந்தச் செய்தி வார்டு முழுக்கத் தெரியும். நெட்டைக்கும் தெரியும். அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. ஜோக் மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவளுடைய தம்பி தச்சன். சின்ன வீடுகளுக்குப் பரண், மடக்கு மேசை, சுவர் அலமாரி செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் கருவிப் பெட்டியோடு வந்தவன், அறை நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, இந்த வீட்டுல சாமான்தான் குடியிருக்கு. நீயும் மாமாவும் ஒண்டிக் குடித்தனம்."

"பேசாம வேலையைப் பாருடா."

"பேசாம எப்படிப் பாக்கிறது? தூங்குற சாமானை மேல ஏத்தணும். முழிச்சிருக்கிற சாமானைக் கைக்கு எட்டுற இடத்துல வைக்கணும். அவ்வளவுதான் என் வித்தை."

"எது தூங்குது, எது முழிச்சிருக்குன்னு யாரு சொல்றது?"

"போன மாசம் அதைத் தொட்டியா? தொடலைன்னா தூங்குது."

"தொடலை. ஆனா தினம் பாத்துக்கிட்டே இருக்கேனே."

"அது முழிச்சிருக்கிற மாதிரி நடிக்குது. அதுவும் மேல."

இரண்டு நாள் அக்காளும் தம்பியும் மூச்சுவிடாமல் உழைத்தார்கள். கூரைக்கு ஒன்றரை அடி கீழே, பக்கத்து வீட்டுச் சுவரை விட்டு மற்ற மூன்று சுவரையும் தொட்டுக்கொண்டு ஒரு பரண் ஓடியது. துணி வெட்டும் மேசையின் கால்களை அறுத்துவிட்டு, அதைச் சுவரோடு கீல் போட்டு மாட்டினான். வேலை முடிந்ததும் படம்போல மேலே மடித்துக் கொக்கி போட்டுவிடலாம். தையல் இயந்திரத்துக்குச் சக்கரம் வந்தது. அவள் மிச்சத் துணிகளில் இருபத்துநாலு பைகள் தைத்து ஒரே விரிப்பாகக் கதவின் பின்புறம் தொங்கவிட்டாள். நூல்கண்டு, பொத்தான், கத்தரி, கரண்டி, மருந்துச்சீட்டு எல்லாம் அதில் ஏறின. துணிகளை மடிப்பதற்குப் பதில் சுருட்டி அடுக்கினால் பாதி இடம் போதும் என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள்.

பீரோவுக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. அது மூன்றடி இடத்தைத் தின்றுகொண்டு நின்றது. இல்லாதவர்கள் வீட்டில்தான் சாமான் பெருகும். போனால் திரும்ப வாங்க முடியாது என்ற பயம்தான் மூலைமுடுக்கெல்லாம் மூட்டையாக உட்கார்ந்திருக்கிறது. அவள் அதன் கதவைத் திறந்து உள்ளே தடவினாள். கல்யாணமான புதிதில் அவன் முதுகில் சுமந்து நாலு மாடி ஏற்றியது.

"எடுத்துட்டுப் போடா," என்றாள்.

"அக்கா..."

"எடுத்துட்டுப் போ. அதைத் தூக்கிட்டு வந்த மனுஷன் உள்ள வரணும்."

தம்பி தன் வீட்டுக்கு அதை ஏற்றிப்போனான்.

கட்டிலுக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஜன்னலோரம். இடது கைப் பக்கம் அடுத்த வீட்டோடு பொதுவான சுவர். வலது கைப் பக்கம் சமையல் மேடை. இரண்டுக்கும் நடுவே தம்பி தன் இரும்பு டேப்பை இழுத்துப் பார்த்தான்.

"எண்பத்திரண்டரை. உன் கட்டில்?"

"எண்பத்திரண்டு."

"சரியா அளந்தியா?"

"ஊருக்கே அளக்கிறவகிட்டயா கேக்கிற?"

"அரை அங்குலம் மிச்சம். மாமாவுக்கு ராஜபோகம்தான்," என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.

இந்த இரண்டு நாளும் துணி மூட்டைகள் வராந்தாவில் கிடந்தன. அதனால் ஒரு சண்டையும் நடந்தது. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அம்மாளை அந்த மாடியில் டப்பாம்மா என்பார்கள். பால் டப்பா, பிஸ்கட் டப்பா, மருந்து டப்பா என்று காலியான எதையும் அவர் வீசியதில்லை. கேட்டால், சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார். பல்லே பாதி இல்லையே அக்கா, என்று யாரோ கேட்டதற்கு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. வராந்தாவில் இரண்டு வாசலுக்கும் நடுவே ஆறு வருடமாகப் போர். தையல்காரி செருப்புத் தட்டை ஒரு சாண் நகர்த்துவாள். டப்பாம்மா அதை விளக்குமாற்றால் அரைச் சாண் திருப்பித் தள்ளுவார். ஒருவருக்கும் ஒரு சாண் இடத்தால் வீடு பெரிதாகிவிடப் போவதில்லை. ஆனாலும் நடந்தது.

"என்னடி இது? என் வாசலை மறிச்சு மலையா குவிச்சிருக்க?" என்று புதன்கிழமை டப்பாம்மா கத்தினார்.

"ரெண்டு நாள் பொறுத்துக்கங்கக்கா."

"ரெண்டு நாளா? செருப்புத் தட்டையும் ரெண்டு நாள்னுதான் சொன்ன. அது பேரன் பேத்தி எடுக்கிற வயசுக்கு வந்துடுச்சு!"

அவளுக்கு ஆத்திரம் வந்தது. "உங்களுக்கு என்ன, டப்பாதானே சொந்தம்! எனக்கு மனுஷன் வரணும்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். டப்பாம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு ஆட்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தார்கள். ஜன்னலோரம் தயாராக, பெருக்கித் துடைத்து, காலியாக இருந்தது. தலைப்பக்கம் மேடையோரம் இறங்கியது. கால்பக்கம் இறங்கவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணே," என்றாள் அவள்.

"எங்கம்மா தள்றது? சுவர் வந்துடுச்சு."

கால்பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தார்கள். அதன் கீழிருந்த இரும்புச் சட்டம் அசையாமல் நின்றது. தம்பி தன் டேப்பை எடுத்துக் கட்டிலின் மேல் ஓட்டினான். அவன் முகம் மாறியது.

"அக்கா. எண்பத்துநாலு."

"இருக்காது. அது வேற கட்டிலா இருக்கும்."

"எல்லாம் ஒரே அளவும்மா," என்றார் தூக்கி வந்தவர். "ஒரே அச்சு."

தம்பி அவள் கழுத்திலிருந்த நாடாவை எடுத்தான். அதைத் தரையில் விரித்து, பக்கத்தில் தன் இரும்பு டேப்பை வைத்தான். நாடாவின் அறுபதாவது கோடு, டேப்பில் அறுபத்தொன்றரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். புரிய நேரமாயிற்று. பத்தொன்பது வருடம் இழுத்து இழுத்து அளந்ததில் துணி நாடா நீண்டுபோயிருந்தது. நீண்ட நாடாவுக்கு எல்லாமே குட்டையாகத்தான் தெரியும். அதே நாடாவில் உடம்பை அளந்து அதே நாடாவில் துணியை வெட்டியதால், ஒரு தப்பு இன்னொரு தப்பைச் சரிக்கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஒருவரும் ஒரு நாளும் சட்டை பிடிக்கவில்லை என்று திரும்பி வந்ததில்லை. அறையை இரும்பால் அளந்து கட்டிலைத் துணியால் அளந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

"ஒன்றரை அங்குலம்டா," என்றாள் அவள். "வெறும் ஒன்றரை அங்குலம்."

கட்டிலை மறுவாக்கில் போட்டுப் பார்த்தார்கள். வாசற்கதவு பாதிதான் திறந்தது, நாற்காலி நுழையாது. சாய்த்துப் போட்டார்கள். இரண்டரை அடி இருக்க வேண்டிய இடம் ஒன்றரை அடி ஆயிற்று. மேடையைச் செதுக்கலாமா என்று தம்பி குனிந்து தட்டினான். கீழே செங்கல் கட்டு; அதற்குள் கட்டடம் முழுவதற்கும் போகும் தண்ணீர்க் குழாய்.

"அம்மா, எங்களுக்கு இன்னும் மூணு வீடு இருக்கு. திருப்பி எடுத்துட்டுப் போகட்டா?" என்றார் தூக்கி வந்தவர். அவர் குரலில் கடுமை இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"வேற வீடெல்லாம் முடிச்சிட்டு வாங்கண்ணே. அதுவரைக்கும் இருக்கட்டும்."

அவர்கள் போனதும் அவள் ஜன்னலோரத்து வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வாரமாக அவள் கடவுளிடம் பெரிய பெரிய விஷயங்களாகக் கேட்டிருந்தாள். அவர் கை எழும்பட்டும், பேச்சு தெளியட்டும், பழையபடி நடக்கட்டும் என்று. இப்போது அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை. ஒன்றரை அங்குலம் கொடு என்று ஆண்டவனிடம் எப்படிக் கேட்பது? உலகத்தையே படைத்தவனிடம் போய் விரற்கடை அளவு கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தோடே கேட்டாள். பிறகு அழுதாள்.

தம்பி அழவிடவில்லை. இடது கைச் சுவரை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அவன் காது அதிலேயே இருந்தது.

"அக்கா, இது சுவரே இல்ல."

"என்னடா உளர்ற?"

"பலகை. மேல சுண்ணாம்பு அடிச்சிருக்கான். ஒரே கூடமா இருந்ததைக் குறுக்க பலகை அடிச்சு ரெண்டு வீடாக்கியிருக்கான். அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாடியில் எல்லோருக்கும் தெரியும். தரையிலிருந்து கூரைவரை டப்பாம்மாவின் அலமாரி இருந்தது. அந்தப் பலகைதான் அதன் முதுகு.

"இதுல ஒரு ஜன்னல் மாதிரி வெட்டினா, கட்டில் கால்மாடு அலமாரிக்குள்ள போயிடும். வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன், பலகைதானே, எப்ப வேணா திருப்பி அடைச்சிடலாம். ஆனா அந்த அம்மா..."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

டப்பாம்மா கதவைப் பாதி திறந்து, திறந்த பாதியில் தானே நின்றார்.

"என்ன?"

"அக்கா, கட்டில் நுழையலை. ஒன்றரை அங்குலம் பத்தலை. உங்க அலமாரியோட பின்பலகைய..."

"என் அலமாரியில கை வைக்கணுமா?"

"நாலு மணிக்கு நர்ஸம்மா வந்துடுவாங்க. நாளைக்கு அவரை அனுப்பிடுவாங்க அக்கா."

"ஒன்றரை அங்குலம்! இந்த ஆறு வருஷத்துல எத்தனை ஒன்றரை அங்குலம் என் வாசல்ல இருந்து எடுத்திருப்ப, கணக்கு வச்சிருக்கியா?"

அவளிடம் பதில் இருந்தது. விளக்குமாறு என்று ஆரம்பிக்கும் பதில். அது தொண்டைவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"எடுத்தேன் அக்கா. தெரிஞ்சேதான் எடுத்தேன். நேத்து டப்பாதானே சொந்தம்னு சொன்னேன் பாருங்க, அதுவும் தப்பு. நீங்க அலமாரி குடுத்தாலும் குடுக்காட்டியும் அது தப்புதான்."

டப்பாம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டார்.

அவள் அங்கேயே நின்றாள். பிறகு, வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், டப்பாம்மா வாசல் பக்கம் கிடந்த துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தன் வாசல் பக்கம் அடுக்கினாள். இனி எதற்கு இடம், எதற்கு மறிப்பு? நாளைக்கு இந்நேரம் அந்த அறையில் அவளும் மூட்டைகளும் மட்டும்தானே. கடைசி மூட்டையை நகர்த்தும்போது தம்பி உள்ளேயிருந்து, "அக்கா, இங்க வா. சத்தம் போடாம வா," என்றான்.

அவன் பலகையில் காதை வைத்திருந்தான். அவளும் வைத்தாள்.

டங். சற்றுப் பொறுத்து இன்னொரு டங். எதையோ இழுத்து வைக்கும் ஓசை. முனகல். மறுபடி டங், டங்.

"டப்பா இறங்குது," என்றான் தம்பி வாயசைத்து.

அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முப்பதுக்கு மேல் எண்ணிய பிறகு தம்பி எண்ணுவதை நிறுத்திவிட்டான். கடைசியில் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, காதுக்கு ஒரு சாண் தூரத்தில், குரல் வெடித்தது.

"வெட்றதுன்னா இப்பவே வெட்டுங்க! மத்தியானம் நான் தூங்கணும். டேய் தச்சா, என் டப்பாவுக்கெல்லாம் மேல பரண் அடிச்சுக் குடுக்கலைன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

"ரெண்டு பரண் அடிக்கிறேங்கக்கா!" என்று தம்பி பலகையைப் பார்த்துக் கும்பிட்டான்.

இரண்டு மணிக்குள் மூன்றடி அகலம், இரண்டடி உயரத்துக்குப் பலகை கழன்றது. அந்தப் பக்கம் காலியான இரண்டு தட்டும் கழன்றன. தூக்கி வந்தவர்கள் திரும்பி வந்து, மூக்கில் விரல் வைத்து, கட்டிலைத் தள்ளினார்கள். கட்டிலின் கால்மாடு சுவருக்குள் புகுந்து நின்றது. ஒரு பக்கம் இரண்டரை அடி அப்படியே இருந்தது. தம்பி ஒரு நாற்காலியை வாசலிலிருந்து கட்டிலுக்கும் குளியலறைக்கும் உருட்டிக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை. செவிலியர் கையெழுத்துப் போடும்வரை அவளுக்குச் சிரிப்பு வராது.

நாலு மணிக்குச் செவிலியர் வந்தார். பரணைப் பார்த்தார். மடித்து மாட்டியிருந்த மேசையைத் தட்டிப் பார்த்தார். கதவுப் பைகளைப் பார்த்து, "இது நல்லா இருக்கே," என்றார். கட்டிலின் பக்கத்தில் அளந்து, படிவத்தில் ஒரு குறி போட்டார். குளியலறைவரை நடந்து, இன்னொரு குறி போட்டார். பிறகு கால்மாட்டைப் பார்த்தார்.

"இது எங்கம்மா போகுது?"

"பக்கத்து வீட்டு அலமாரிக்குள்ள."

செவிலியர் குனிந்து பலகை வெட்டிய இடத்தைப் பார்த்தார். "சரி. தலைப்பக்கத்தை ஏத்திக் காட்டுங்க. சாப்பாடு குடுக்கணும்னா அவரைச் சாய்வா உக்கார வைக்கணும். படுத்தபடியே குடுத்தா புரையேறிடும். ரொம்ப முக்கியம்."

அவள் கைப்பிடியைத் தேடினாள். பக்கவாட்டில் இல்லை. தலைமாட்டில் இல்லை. தம்பி குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பார்த்தவன் நிமிரவே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வார்டில் ஆயா கால்மாட்டில் நின்றுதான் அதைச் சுற்றுவாள். வேலை முடிந்ததும் உள்ளே மடக்கிவிடுவாள். அளந்த அன்று அது மடங்கியிருந்தது. அவள் கண்ணுக்கு நீளம் மட்டும்தான் தெரிந்தது.

கைப்பிடியை வெளியே நீட்டினால்தான் சுற்ற முடியும்; அது இப்போது அலமாரிக்குள்தான் நீளும். அறையிலிருந்து கை எட்டாது. கட்டிலைத் திருப்பிப் போட்டால் அது மேடையின் செங்கலில் போய் முட்டும்.

"கைப்பிடி..." என்றாள் அவள். ஒன்றரை அங்குலத்தைக் கேட்டுக் கெஞ்சி வாங்கியாயிற்று. இனி கேட்க அவளிடம் வாயும் இல்லை, முகமும் இல்லை. செவிலியரின் பேனா படிவத்துக்கு மேலே நின்றது. அந்தப் பேனாவை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கிரீச் என்று ஒரு சத்தம் கேட்டது.

கட்டிலின் தலைப்பக்கம் லேசாக அசைந்தது. பிறகு, யாரும் தொடாமலே, விரல் விரலாக உயர்ந்தது. மெத்தை நிமிர்ந்தது. தலையணை வழுக்கி மடியில் விழுவதுபோல நடுவில் விழுந்தது. செவிலியர் ஒரு அடி பின்வாங்கினார்.

"இவ்வளவு போதுமா, இன்னும் சுத்தணுமா?" என்றது அலமாரி. "தோள்பட்டை கழலுது!"

செவிலியர் வராந்தா வழியாக அடுத்த வீட்டுக்குப் போனார். அவளும் தம்பியும் பின்னால் போனார்கள். டப்பாம்மாவின் அறையில் கட்டில்மேல், கட்டிலுக்குக் கீழ், நாற்காலிமேல், ஜன்னல் விளிம்பில் எல்லாம் டப்பாக்கள். நடுவே, கதவு திறந்த அலமாரிக்கு முன்னால், டப்பாம்மா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

"அம்மா, இது ஒரு நாள் வேலை இல்ல," என்றார் செவிலியர். "தினம் மூணு வேளை, நாலு வேளை. ஏத்தணும், இறக்கணும். மாசக்கணக்கா. நாளைக்கு உங்களுக்கு மனசு மாறிட்டா அவர் சாப்பிட முடியாது. நான் என்னன்னு எழுதறது?"

"மனசெல்லாம் மாறாது. ஆறு வருஷமா இவகூடச் சண்டை போடறேன், ஒரு நாள் விட்டிருக்கேனா கேளுங்க."

"ஊருக்குக் கீருக்குப் போனா?"

"எனக்கு எந்த ஊரு இருக்கு? எங்கயாச்சும் போனா சாவியை இவகிட்ட குடுத்துட்டுப் போறேன். சுத்தறதுக்கு என்ன, நான் ராணியா?"

அவள் ஏதோ சொல்ல முயன்றாள். டப்பாம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

செவிலியர் படிவத்தைப் புரட்டினார். "பராமரிப்புல உதவுறவங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. நோயாளிக்கு என்ன உறவுன்னு போடட்டும்?"

"உறவா? விரோதின்னு போடுங்க."

"அப்படி ஒரு கட்டம் இல்லீங்களே," என்று செவிலியர் சிரித்துவிட்டார். யோசித்து, 'அக்கா' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்துக்கு மட்டும் அனுமதி, பிறகு மறுபடி வந்து பார்ப்பேன், உடம்பு மோசமானால் திரும்ப அழைத்துக்கொள்வோம், இதை மறக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். அவள் மூன்று முறையும் தலையாட்டினாள். மூன்று மாதம் என்பது அவள் காதில் ஒரு வாழ்நாளாக விழுந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு நெட்டையை நாலு மாடி சுமந்து ஏற்றினார்கள். கட்டிலில் கிடத்தியதும் அவன் கண் மெதுவாக அறையைச் சுற்றியது. பரண், மடக்கிய மேசை, பீரோ இருந்த வெறும் சுவர்.

"என்னைப் பரண்ல... ஏத்தலையா?"

"தூங்குற சாமானைத்தான் மாமா ஏத்துவோம்," என்றான் தம்பி.

நெட்டை சிரிக்கவில்லை. சிரிக்கப் போனவன் முகம் கோணி, கண் நிறைந்து, இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வாரம் ஜோக்குகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பயமெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. ஆறடி இரண்டு அங்குல மனிதன் குழந்தைபோல விம்மினான். அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கை எழும்புமா என்று அவளுக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன என்றும் தெரியாது. எல்லாம் தெரிந்தவன் அவர்களுக்கு அன்றைய பகலை மட்டும் கொடுத்திருந்தான். அதைக் கொண்டுவந்தவர் பலகைக்கு அந்தப் பக்கம் செருமினார்.

"பால் ஆறிடும்டி. ஏத்தவா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஏத்துங்கக்கா."

கைப்பிடி கிரீச்சிட்டது. நெட்டை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தான். ஜன்னலில் முதலில் எதிர்வீட்டு மாடி தெரிந்தது. பிறகு கொடியில் காயும் துணிகள். பிறகு தெரு. அவன் அழுகையை நிறுத்திவிட்டு அதையெல்லாம் பார்த்தான்.

"அக்கா," என்றான் கால்மாட்டைப் பார்த்து, சொல் சொல்லாக. "இன்னும்... கொஞ்சம்."

"அடப்பாவி, வந்ததும் வராததுமா வேலை ஏவறான் பாரு," என்றார் டப்பாம்மா. அவன் கேட்ட அளவுக்கு மேல் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்.